பழைய ஹாமண்ட் ஆர்கனை வீட்டில் பராமரித்தலும் மாற்றியமைத்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாமண்ட் நிறுவனம் 1935இல் தொடங்கி 1975 வரை தயாரித்த டோன்வீல் ஆர்கன்களைப் பற்றியது இந்தப் பக்கம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பி-3 மாடலிலிருந்தும், அதே உள்ளுறுப்புகளை வேறு பெட்டியில் கொண்ட சி-3, உள்ளேயே ஒலிபெருக்கி வைத்த ஏ-100 ஆகியவற்றிலிருந்தும் வருகின்றன. எம்-3, எல்-100 போன்ற சிறிய மாடல்களில் சில விவரங்கள் மாறும், அடிப்படை ஒன்றே.

மூடியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும்?

ஒரு நீண்ட இரும்புச் சட்டம். அதன் நடுவே ஒரு தண்டு ஓடுகிறது. அதிலிருந்து பற்சக்கரங்கள் வழியாக 91 சிறு உலோகச் சக்கரங்கள் சுழல்கின்றன. இவைதாம் டோன்வீல்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் 2 முதல் 192 வரை மேடுகள். விளிம்புக்கு எதிரே ஒரு காந்தக் கம்பி. அதன் மேல் சுற்றிய கம்பிச்சுருள். மேடு காந்தத்தைக் கடக்கும்போதெல்லாம் சுருளில் நுண்ணிய மின் அலை பிறக்கிறது. நீங்கள் அழுத்தும் விசை ஏற்கெனவே பிறந்துகொண்டிருக்கும் அந்த ஒலிக்கு வழி திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். நீங்கள் வாசிக்காதபோதும் 91 ஸ்வரங்களும் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன.

லாரன்ஸ் ஹாமண்ட் அதற்கு முன் மின்கடிகாரம் செய்தவர். மின்சாரத்தின் அலைவெண்ணோடு பிசகாமல் சேர்ந்து ஓடும் சிங்க்ரனஸ் மோட்டார் அவருடைய கைச்சரக்கு. ஆர்கனைச் சுழற்றுவதும் அதே வகை மோட்டார்தான். பராமரிப்பில் வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த ஓர் உண்மையில் இருக்கிறது.

ஸ்டார்ட், ரன் என்று இரண்டு சுவிட்சுகள் எதற்கு?

சிங்க்ரனஸ் மோட்டாரால் நின்ற நிலையிலிருந்து தானாகக் கிளம்ப முடியாது. வேறொன்று அதைச் சுழற்றி வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்காக ஒரு தனி ஸ்டார்ட் மோட்டார் உண்டு. ஸ்டார்ட் சுவிட்சைச் சுமார் 8 வினாடி அழுத்திப் பிடியுங்கள். அதை விடாமலே ரன் சுவிட்சைப் போடுங்கள். இன்னும் 4 வினாடி கழித்து ஸ்டார்ட்டை விடுங்கள். ரன் சுவிட்சைப் போட்டதும் சுழற்சியின் ஒலி சற்றுத் தாழ்ந்து ஒரே நிலையில் நிற்கும். அந்த ஒலியைக் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரின், அதாவது டோன்வீல்கள் அடங்கிய அந்தத் தொகுதியின், உடல்நிலையை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் கருவி கிடையாது.

ஸ்டார்ட்டை விட்டவுடன் வேகம் குறைந்து நின்றுவிட்டால், மோட்டார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கலாம், அறை குளிர்ந்திருக்கலாம். முதலில் ஸ்டார்ட்டை இன்னும் சில வினாடி கூடுதலாகப் பிடித்துப் பாருங்கள். பிறகு அடுத்த பதிலைப் படியுங்கள்.

எண்ணெய் எப்போது, எவ்வளவு, எந்த வகை?

ஆண்டுக்கு ஒரு முறை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஜெனரேட்டரின் மேற்பகுதியில் புனல் போன்ற எண்ணெய்க் கிண்ணங்கள் இருக்கும். அவற்றில் ஊற்றும் எண்ணெய் கீழே ஒரு தொட்டியில் தங்கி, அங்கிருந்து நூற்றுக்கு மேற்பட்ட பஞ்சு நூல்கள் வழியாக மெல்ல ஊறி ஒவ்வொரு தாங்கிக்கும் போய்ச் சேரும். பம்ப் எதுவும் இல்லை. நூல் உறிஞ்சும் வேகம்தான் எண்ணெய் போகும் வேகம். எனவே இன்று ஊற்றிவிட்டு இன்றே பலனை எதிர்பார்க்கக் கூடாது. நெடுங்காலம் ஓடாமல் கிடந்த ஆர்கன் என்றால் எண்ணெய் விட்டபின் சில நாள் அப்படியே விட்டு, பிறகு ஓட்டுங்கள். கிறீச்சொலி அடங்க வாரங்கள் ஆகலாம்.

பெரிய கிண்ணங்களை முக்கால் அளவு நிரப்பினால் போதும். ரன் மோட்டாருக்கும் அதன் மேல் அமர்ந்து ஒலியை நடுங்கவைக்கும் வைப்ரட்டோ ஸ்கேனருக்கும் தனியிடம் உண்டு. ஸ்கேனருக்கு அரைக் கிண்ணத்துக்கு மேல் வேண்டாம். வழிந்த எண்ணெய் ஸ்கேனரின் உள்ளே போனால் தொல்லை.

எந்த எண்ணெய் என்பதில் சமரசம் கூடாது. ஹாமண்ட் ஜெனரேட்டருக்கென்றே விற்கப்படும் மெல்லிய எண்ணெய் மட்டும். தையல் இயந்திர எண்ணெய், சமையலறை எண்ணெய், வாகன எஞ்சின் எண்ணெய், துருப்பிடித்த திருகைத் தளர்த்தும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். அந்த ஸ்ப்ரே முதல் வாரம் அதிசயம் செய்யும். பிறகு அதன் கரைப்பான் ஆவியாகி, மிச்சம் நூலில் பிசினாகப் படிந்து, எண்ணெய் போகும் வழியை அடைத்துவிடும். அடைபட்ட நூல்களை மாற்றுவதென்றால் ஜெனரேட்டரையே பிரிக்க வேண்டியிருக்கும். அந்த வேலையைச் செய்தவர்கள் மறுமுறை செய்ய விரும்புவதில்லை.

ஆர்கனுக்குச் சுருதி சேர்க்க வேண்டுமா?

வேண்டாம், முடியவும் முடியாது. ஸ்வரங்களுக்கிடையிலான விகிதம் பற்சக்கரங்களில் வெட்டப்பட்டிருக்கிறது. முதன்மைத் தண்டு வினாடிக்கு 20 முறை சுழல்கிறது. ஏ ஸ்வரத்துக்கான பற்கள் 88க்கு 64. அதனால் அந்தச் சக்கரம் 27.5 முறை சுழலும். 16 மேடுகள் என்றால் சரியாக 440 ஹெர்ட்ஸ். நடு சி-க்கு 85க்கு 104 என்ற விகிதம். கணக்குப் போட்டால் 261.54 வரும், சமப்பகுப்புச் சுருதியில் இருக்க வேண்டியது 261.63. காதுக்குத் தெரியாத இந்தச் சிறு பிசகு எல்லா ஹாமண்டிலும் ஒரே மாதிரி இருக்கும்.

60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஆர்கனை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓட்டலாமா?

ஓடும், ஆனால் சுருதி இறங்கிவிடும். மோட்டாரின் வேகம் ஆறில் ஐந்தாகக் குறைவதால் மூன்று அரைஸ்வரத்துக்குச் சற்று அதிகமாகக் கீழே போகும். 230 வோல்ட்டை 117 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், அலைவெண்ணை மாற்றாது.

தீர்வு, மோட்டார்களுக்கு மட்டும் 60 ஹெர்ட்ஸ் சைன் அலை தரும் ஒரு சிறு அலைவெண் மாற்றுக் கருவி. பெருக்கிப் பகுதி டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவே ஓடட்டும். 50 ஹெர்ட்ஸில் அதன் மின்டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், காற்றோட்டம் கொடுங்கள். சைன் அலை என்பதில் கவனம் வேண்டும்: மலிவான இன்வெர்ட்டர்கள் தரும் சதுர அலையில் மோட்டார் உறுமும், சூடேறும்.

இதில் ஒரு போனஸும் உண்டு. கருவியின் அலைவெண்ணை மாற்ற முடியுமானால் ஆர்கனின் சுருதியும் மாறும். சுமார் 63.6 ஹெர்ட்ஸ் கொடுத்தால் அரைஸ்வரம் ஏறும். மற்ற வாத்தியங்களோடு சேர்ந்து வாசிப்பவர்களுக்குப் பயன்படும். இரு பக்கமும் அரைஸ்வரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

சில ஸ்வரங்கள் ஒலிக்கவில்லை. எங்கே தேடுவது?

கருவிப்பெட்டியை எடுக்குமுன் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். பி-3 போன்ற மாடல்களில் ஒவ்வொரு விசைக்கும் கீழே 9 தொடுகம்பிகள். இரு விசைப்பலகைகளிலும் சேர்த்து 122 விசைகள், ஆக 1,098 தொடுப்புகள். எது போயிருக்கிறது என்பதைக் காதே பிரித்துச் சொல்லிவிடும்.

டிராபார்கள் என்பவை ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் இழுப்புக் கோல்கள். ஒரே ஒரு டிராபாரை மட்டும் இழுத்துவிட்டு, கீழிருந்து மேல் வரை ஒவ்வொரு விசையாக வாசியுங்கள். அடுத்த டிராபாருக்கும் இதையே செய்யுங்கள். ஒரு விசை ஒரு டிராபாரில் மட்டும் ஊமையாக இருந்தால் அந்த விசையின் ஒரு தொடுப்பில் தூசி. குறிப்பிட்ட ஒரு சுருதி மட்டும், எந்த விசையில், எந்த டிராபாரில், எந்தப் பலகையில் தேடினாலும் வரவில்லையென்றால் கோளாறு ஜெனரேட்டரில்: சுருளின் மெல்லிய கம்பி அறுந்திருக்கலாம், வடிகட்டியில் சாலிடர் விட்டிருக்கலாம், அல்லது அந்தச் சக்கரம் சுழலாமல் நின்றிருக்கலாம். ஒரு சக்கரம் இறுகினாலும் மற்றவை ஓடும்படி உராய்வுப் பிடிப்பில் பொருத்தியிருக்கிறார்கள். நின்ற சக்கரம் பெரும்பாலும் எண்ணெய் கிடைத்தபின் தானே விடுபடும்.

தூசிக்கு முதல் மருந்து, அந்த விசையை ஐம்பது அறுபது முறை படபடவென்று அடிப்பது. தொடுகம்பி தன்னையே தேய்த்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதில் தீராவிட்டால் விசைப்பலகையின் ஓரத்தில் உள்ள பஸ்பார் நகர்த்தும் திருகை மெதுவாகத் திருப்புங்கள். குறுக்கே ஓடும் 9 உலோகக் கோல்களும் சிறிது நகர்ந்து, தொடுகம்பிகளுக்குப் புதிய இடம் கிடைக்கும். தொழிற்சாலையே யோசித்து வைத்த வழி இது.

விசைப்பலகைக்குள் கான்டாக்ட் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. அது தூசியைக் கரைத்து, வேறோர் இடத்தில் சேறாகப் படியவைக்கும். ஒரு கெட்ட தொடுப்பு இருபதாகும்.

காந்தக் கம்பிகளைத் தொடாதீர்கள். சக்கரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள இடைவெளியைத் தொழிற்சாலையில் ஒவ்வொன்றாக அளந்து வைத்திருக்கிறார்கள். ஒரு ஸ்வரம் மெலிந்திருந்தால் அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளலாம் என்று கை துறுதுறுக்கும். சக்கரத்தில் இடித்தால் அந்த ஸ்வரமே போய்விடும்.

மேல் பலகை முழுவதும் ஊமை. என்ன ஆயிற்று?

அநேகமாக ஒன்றும் ஆகவில்லை. இடது ஓரத்தில் நிறம் மாற்றிப் பதித்த 12 விசைகள் வாசிப்பதற்கல்ல, முன்னமைப்புகளை, அதாவது முன்பே அமைத்துவைத்த ஒலிச் சேர்க்கைகளைத் தேர்ந்தெடுப்பதற்கு. அவற்றில் முதலாவதான சி-யை அழுத்தினால் எல்லாம் ரத்து. கடைசி இரண்டும்தான் டிராபார்களோடு இணைந்தவை. பி-யை அழுத்திவிட்டு மீண்டும் வாசியுங்கள்.

பெர்குஷன் போட்டால் கடைசி டிராபார் வேலை செய்யவில்லையே?

அதன் வடிவமைப்பே அப்படி. பெர்குஷன் என்பது ஸ்வரத்தின் தொடக்கத்தில் ஒலித்து உடனே தேயும் தட்டொலி. அது எப்போது ஒலிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு தொடுப்பு தேவைப்பட்டது. ஒன்பதாவது, அதாவது (குழாய் ஆர்கனின் குழாய் நீளத்தை வைத்துப் பெயரிட்ட) ஓரடி டிராபாருக்கான தொடுப்பைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். பெர்குஷன் இருக்கும்வரை அந்த டிராபார் ஊமை. பி முன்னமைப்பில் மட்டுமே பெர்குஷன் வரும் என்பதும், எல்லா விசைகளையும் விட்ட பிறகே அடுத்த தட்டு ஒலிக்கும் என்பதும் இதே போலக் குறைகளாகத் தோன்றும் இயல்புகள். விசையை அழுத்தும்போது கேட்கும் ‘டிக்’ ஒலியும் அப்படித்தான். பொறியாளர்கள் அதை ஒழிக்கப் படாதபாடு பட்டார்கள். வாசித்தவர்கள் அதைக் காதலித்துவிட்டார்கள்.

ஒலி மங்கியிருக்கிறது. கெபாசிட்டர்களை மாற்றலாமா?

எந்த ஆண்டு ஆர்கன் என்பதைப் பொறுத்தது. சுமார் 1964க்கு முன் வந்தவற்றில் ஜெனரேட்டரின் வடிகட்டிகளில் மெழுகுக் காகிதக் கெபாசிட்டர்கள் இருக்கும். அவை ஈரத்தை உறிஞ்சி, காலப்போக்கில் மதிப்பு ஏறி, மேல் ஸ்தாயி ஸ்வரங்களைப் போர்வை போர்த்தியது போல ஆக்கிவிடும். பிந்தைய ஆர்கன்களின் சிவப்பு நிறக் கெபாசிட்டர்கள் நிலையானவை; அவற்றைத் தொட வேண்டியதில்லை.

மாற்றுவதென்றால் முழுத் தொகுப்பாக மாற்றுங்கள். மேல் ஸ்வரங்களில் பெரும்பாலானவற்றுக்கு 0.105 மைக்ரோஃபாரட் வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 0.1 போட்டால் வடிகட்டி சரியான இடத்தில் ஒத்திசையாது. இங்கொன்றும் அங்கொன்றுமாக மாற்றினால் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் ஒன்று கத்தும், ஒன்று முனகும்.

இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மாற்றியபின் ஒலி புத்தம்புதிதாகப் பளிச்சிடும். சிலருக்கு அது கூர்மையாகக்கூடப் படும். பழைய ஒலித்தட்டுகளில் கேட்ட அந்தத் தடித்த, பழுப்பேறிய நாதம் உங்களுக்குப் பிடித்திருந்தால், மேல் ஸ்வரங்களும் கேட்கும்படி இருந்தால், விட்டுவிடுங்கள். மின்வழங்கிப் பகுதியிலும் லெஸ்லி எனும் சுழல் ஒலிபெருக்கிப் பெட்டியின் பெருக்கியிலும் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் வேறு கதை. அவை வயதானால் இரைச்சல் வரும், வெடிக்கவும் செய்யும். அவற்றை ரசனை பார்க்காமல் மாற்ற வேண்டும்.

உள்ளே கை வைப்பது ஆபத்தா?

ஆம். வால்வுப் பெருக்கிகளில் பி-3இல் சுமார் 300 வோல்ட், லெஸ்லியில் சுமார் 400 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். சில கிலோஓம் மின்தடை ஒன்றை முனைகளில் வைத்து வடித்துவிட்டு, மல்ட்டிமீட்டரில் பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்த பிறகே தொட வேண்டும். மல்ட்டிமீட்டர் பிடிக்கத் தெரியாதவர் எண்ணெய், தூசி, பஸ்பார் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லா மாற்றங்களுக்கும் முன் செய்ய வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. பல பழைய ஆர்கன்களில் இரு கம்பி வடம்தான், எர்த் கிடையாது, ஃப்யூஸும் கிடையாது. மூன்று கம்பி வடம் போட்டு உலோகச் சட்டத்தை எர்த் செய்து, தகுந்த ஃப்யூஸ் ஒன்றைச் சேருங்கள். உலர்ந்து நொறுங்கும் ரப்பர் உறை போட்ட கம்பி கண்ணில் பட்டால் அதையும் மாற்றிவிடுங்கள்.

1960களின் ஆர்கன்களில் நுரைப்பஞ்சு பற்றி எச்சரிக்கிறார்களே?

சரியான எச்சரிக்கைதான். 1960களின் நடுவிலிருந்து விசைப்பலகைகளுக்குள் நுரைப்பட்டைகள் வைத்தார்கள். அது முதுமையில் பிசுபிசுத்துக் கரைந்து, அருகிலுள்ள மெல்லிய மின்தடைக் கம்பிகளை அரித்துத் தின்றுவிடும். இதைச் சரிசெய்யப் பலகையை முழுதாகப் பிரித்து ஒவ்வொரு கம்பியாக மீட்க வேண்டும். அந்தக் காலத்து ஆர்கனை வாங்கும்போது எல்லா டிராபார்களிலும் எல்லா விசைகளையும் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். பழையது என்பதாலேயே மோசம் என்றில்லை. இந்த விஷயத்தில் 1950களின் ஆர்கன் அதைவிட இளையதை வெல்லும்.

வைப்ரட்டோவில் கரகரப்பு வருகிறது.

ஸ்கேனருக்குள் 16 முனைகளை ஒரு சுழலி வரிசையாகத் தடவிச் செல்கிறது. தொடாமல், கெபாசிட்டர் முறையில். உள்ளே உலோகத் தகடுகளில் துத்தநாகம் வெண்பூஞ்சை போல வளர்ந்தாலோ, எண்ணெய் கசிந்தாலோ கரகரப்பு வரும். பிரித்துச் சுத்தம் செய்யலாம், ஆனால் தகடுகள் வளைந்தால் மீட்க முடியாது. அனுபவமில்லாதவர் இதில் தொடங்க வேண்டாம்.

லெஸ்லி ஒலிபெருக்கியை இணைக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

122, 147 ஆகிய இரண்டு மாடல்களும் ஒரே மாதிரியான ஆறு முனைப் பிளக்கைக் கொண்டவை, உள்ளே வயரிங் வேறு. ஒன்றுக்கான ஆர்கனில் மற்றதைச் செருகினால் சேதம் நேரும். பிளக் பொருந்துகிறது என்பது எதற்கும் சாட்சியில்லை. மாடல் தகட்டைப் படியுங்கள். அந்த வடத்தில் ஒலியோடு வீட்டு மின்சாரமும் ஓடுகிறது, எனவே உறை கிழிந்த வடத்தை டேப் சுற்றிச் சமாளிக்கக் கூடாது.

பராமரிப்பு எளிது. பெல்ட் தளர்வு, மோட்டார்களுக்குச் சில துளி எண்ணெய், மெதுவேக மோட்டாரின் ரப்பர் வளையம். மேலே சுழலும் இரண்டு கொம்புகளில் ஒலி வருவது ஒன்றில்தான். மற்றது எடை சமன் செய்ய. அது அடைத்திருக்கிறது என்று யாரும் பழுதுபார்க்கப் புறப்பட வேண்டாம். வால்வுப் பெருக்கியை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டவும் கூடாது.

எந்த மாற்றங்களைச் செய்யலாம்?

முதல் சில மாதம் எதுவும் செய்யாமல் வாசியுங்கள். எண்ணெய் ஊறி, தூசி நீங்கி, அந்த ஆர்கன் எப்படி ஒலிக்க வேண்டுமோ அப்படி ஒலித்த பிறகு, மாற்ற நினைத்ததில் பாதி தேவையில்லாமல் போகும்.

சாலிடர் வேண்டாத மாற்றம் பின்பக்க முன்னமைப்புப் பலகையில் இருக்கிறது. ஒவ்வொரு முன்னமைப்பு விசைக்கும் வண்ணக் கம்பிகள் திருகுகளில் மாட்டியிருக்கும். அவற்றை இடம் மாற்றி உங்களுக்குப் பிடித்த டிராபார் சேர்க்கைகளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். மாற்றுமுன் ஒரு புகைப்படம் எடுங்கள்.

அடுத்து, பதிவுக்கோ மேடைக்கோ தனி வெளியீடு. பி-3 பெருக்கியின் வெளியீட்டு முனைகளில் சிக்னல் பலமானது, சமநிலை வகையைச் சேர்ந்தது. இடையே ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரும் மட்டம் குறைக்கும் மின்தடைகளும் அவசியம். அதே முனைப்பட்டையில் உயர் வோல்டேஜும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

பெர்குஷனின்போது ஓரடி டிராபாரை மீட்பது, 16 அடி டிராபாரின் அடி ஸ்தாயியில் மடித்துவிட்ட (தங்களுக்குரிய தாழ்ந்த சுருதிக்குப் பதில் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும்) 12 ஸ்வரங்களை விரிப்பது ஆகியவை பிரபலமானவை. இரண்டாவதில் எனக்கு ஆர்வமில்லை. அந்த 12 சக்கரங்கள் பெடலுக்கென்றே வேறு வடிவில் வெட்டப்பட்டவை. விசையில் வாசிக்கும்போது ஒலி உறுமலாக வரும். சிலர் தேடுவதே அந்த உறுமலைத்தான்.

எதைச் செய்தாலும், திரும்ப எடுத்துவிடக்கூடியதாகச் செய்யுங்கள். மரப்பெட்டியில் துளை போட வேண்டாம். கழற்றிய உறுப்பை ஒரு பையில் போட்டு, சீட்டு எழுதி, ஆர்கனுக்குள்ளேயே வையுங்கள்.

தூக்கிச் செல்ல வசதியாகப் பெட்டியை அறுத்துச் சிறிதாக்கலாமா?

பி-3 பெடலும் பெஞ்சும் சேர்த்து 190 கிலோவைத் தொடும். அறுக்கும் எண்ணம் ஏன் வருகிறது என்று புரிகிறது. ஆனாலும் வேண்டாம். ஊர் ஊராகப் போகிறவருக்கு ஒரு டிஜிட்டல் நகல் போதும். நல்ல நிலையில் உள்ள பெட்டி இனி செய்யப்படப் போவதில்லை.

எப்போதாவது இடம் மாற்ற வேண்டுமானால், பெடல் பலகையையும் பெஞ்சையும் முதலில் பிரித்துவிடுங்கள். ஜெனரேட்டர் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. பல மாடல்களில் அதைச் சட்டத்தோடு இறுக்கப் போல்ட்டுகள் உண்டு. புறப்படுமுன் இறுக்குங்கள். கிண்ணங்களில் எண்ணெய் நிரம்பியிருக்கும்போது ஆர்கனைச் சாய்க்காதீர்கள். சேர்ந்த இடத்தில் போல்ட்டுகளைத் தளர்த்த மறந்தால் மோட்டாரின் அதிர்வு முழுவதும் மரத்தில் இறங்கி, வாசிக்கும் ஒவ்வொரு ஸ்வரத்தின் அடியிலும் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும்.